ஸ்பெயின் பெட்டிக்குக் கை தட்டிய செங்கம்மா

செங்கம்மாவுக்குச் சொந்த ஊர் பிச்சாட்டூர். அணைக்கட்டுக்குக் கீழே, பெரிய சாலையை விட்டு விலகி ஒரு சின்னத் தெரு. அவளுடைய அப்பா காலத்தில் அந்தத் தெருவில் ஒருவருக்கும் காணி கிடையாது. எல்லோரும் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர்கள். பிறகு அரசாங்கம் கொடுத்த துண்டு நிலத்தில் நிலக்கடலை போட ஆரம்பித்தார்கள். செங்கம்மாவைக் கட்டிய துலுக்காணம் கடலையும் போட்டான், அணையில் வலை வீசி மீனும் பிடித்தான். மழை பெய்த வருஷங்களில் அந்த வீட்டில் குறை இல்லை.

பிறகு மழை நின்றுபோனது. எங்கள் சித்தூர் ஜில்லா முழுக்க அப்படித்தான். அணையின் தரை வெடித்து, துலுக்காணத்தின் வலை வீட்டுக் கூரையிலேயே தொங்கியது. அவன் மெட்ராஸுக்குக் கட்டட வேலைக்குப் போனான். செங்கம்மா திருப்பதிக்கு வேலை தேடி வந்தாள். வந்து சேர்ந்தது நான் வேலை செய்துகொண்டிருந்த ஷெட்டுக்கு. தினமும் காலை பஸ்ஸில் வந்து சாயங்காலம் ஊருக்குத் திரும்புவாள்.

ரேணிகுண்டா போகிற ரோட்டில் பாஷ்யம் சார் நடத்திய ஷெட் அது. சார் வீட்டில் பரம்பரையாகப் பெருமாள் சன்னிதியில் தீர்த்தம் கொடுக்கும் கைங்கரியம். அவருடைய அண்ணா அதைப் பார்த்துக்கொள்ள, சார் மின்சாரப் படிப்பு படித்துவிட்டு தாளப்பெட்டி செய்ய வந்துவிட்டார். தாளப்பெட்டி என்றால், பாட்டுக் கற்றுக்கொள்கிறவர்களுக்கும் பஜனைக் கோஷ்டிகளுக்கும், பொத்தானை அமுக்கினால் ஆதி தாளம், ரூபக தாளம் என்று தானே போட்டுக் கொடுக்கிற பெட்டி. செங்கம்மா ஈயம் வைத்து ஒயர் ஒட்டுவாள். நான் துடைத்து, அட்டைப்பெட்டியில் வைத்துக் கட்டுவேன். என் பெயர் ரத்னம்மா. என்னை அவள் "ரத்னாக்கா" என்பாள்.

தினமும் காலையில் வேலை தொடங்கும் முன்னால், பெருமாள் படத்துக்கு முன்னே எல்லோரும் நின்று ஒரு நாமாவளி பாடுவோம். கைதட்டிப் பாடி, "கோவிந்தா" என்று முடித்து, தட்டிய கையை அப்படியே சேர்த்துக் கும்பிடுவோம். சார் போட்ட சட்டம் அது. செங்கம்மாவுக்குப் பாட்டு வராது. கைத்தட்டு மட்டும் போடுவாள். ஆனால் அந்தக் கைத்தட்டு பத்துப் பேர் நடுவிலும் தனியாகக் கேட்கும்.

அந்த வருஷம் ஷெட்டுக்கும் நல்ல வருஷமாக இல்லை. வெளிதேசத்திலிருந்து விலை குறைந்த பெட்டிகள் மெட்ராஸ் கடைகளில் வந்து இறங்கிவிட்டன. எங்கள் பெட்டியைக் கேட்கிறவர்கள் குறைந்தார்கள். இப்படியே போனால் கோடைக்குப் பிறகு ஷெட்டை மூடவேண்டியதுதான் என்று சார் எங்களிடமே சொல்லிவிட்டார். எதையும் மறைக்கத் தெரியாதவர் அவர்.

அதைக் கேட்டபிறகுதான் செங்கம்மா குவைத்துக்கு எழுதிக்கொடுத்தாள். வீட்டு வேலை, இரண்டு வருஷ ஒப்பந்தம். எங்கள் பக்கத்தில் தெருவுக்கு ஒரு பெண் அப்போது அங்கே போய்க்கொண்டிருந்தாள். பாஸ்போர்ட்டும் வந்து ஏஜெண்டு கையில் இருந்தது. அவளுக்கு ஒரே பெண், பத்மினி. ஏழாம் வகுப்பு. அந்தப் பெண்ணைத் துலுக்காணத்தின் அக்காள் வீட்டில் விட்டுவிட்டுப் போகவேண்டும்.

"போய்ட்டு வந்தா கடன் கிடன் இல்லாம நிப்போம்க்கா," என்பாள். கொஞ்சநேரம் கழித்து, "ரெண்டு வருஷத்துல பத்மினி வயசுக்கு வந்துடுவா. நான் பக்கத்துல இருக்க மாட்டேன்," என்பாள். பிறகு மறுபடி ஈயத்தை உருக்கத் தொடங்கிவிடுவாள்.

அந்த நேரத்தில்தான் ஸ்பெயினிலிருந்து ஒரு சிடியும் கடிதமும் வந்தன.

அனுப்பியவர் பெயர் மத்தேயோ. அவர் ஊரில் கிடார் கடை வைத்திருக்கிறார். மெட்ராஸுக்கு வீணை கற்க வந்த அவருடைய சிநேகிதர் ஒருவர் எங்கள் தாளப்பெட்டியை வாங்கிப்போய்க் காட்டியிருக்கிறார். மத்தேயோ வாசிப்பது பிளமெங்கோ என்கிற அவர்கள் ஊர்ப் பாட்டுக்கான கிடார். அந்தப் பாட்டுக்குத் தாளம் போடுவது மேளம் இல்லை, கைத்தட்டுதான். பக்கத்தில் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து தட்டுவார்களாம். அங்கேயும் எல்லோரும் வேலை தேடி ஊர் மாறிப் போய்விட்டதால், கிடார் பழகுகிறவன் தனியறையில் உட்கார்ந்து பழகவேண்டியிருக்கிறது. தட்ட ஆள் இல்லை. கடிகாரம் மாதிரி டிக் டிக் என்று அடிக்கிற ஒரு கருவி இருக்கிறதாம். அது எல்லா அடியையும் ஒன்றுபோல அடிக்கும். எது கனமான அடி, எது லேசான அடி என்று அதற்குத் தெரியாது. அதனால் நிஜக் கைத்தட்டு கேட்கிற ஒரு பெட்டி செய்து தர முடியுமா என்று கேட்டிருந்தார். மாதிரி பிடித்துவிட்டால் வருஷா வருஷம் வாங்குவேன் என்றும் எழுதியிருந்தார்.

சார் அந்தத் தாளத்தைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினார். மொத்தம் பன்னிரண்டு எண்ணிக்கை. கடிகாரத்தில் இருப்பதுபோல வட்டமாக எழுதி, பன்னிரண்டு, மூன்று, ஆறு, எட்டு, பத்து இந்த ஐந்தையும் சுழித்தார். இந்த ஐந்திலும் கனமாகத் தட்டவேண்டும். மற்றதில் லேசாக.

"எதுல சாமி ஆரம்பிக்கறது?" என்று கேட்டாள் செங்கம்மா. அவரை அவள் சாமி என்றுதான் கூப்பிடுவாள்.

"பன்னெண்டுல."

"பன்னெண்டுலயா? அப்ப ஒண்ணு?"

"ஒண்ணு அதுக்கு அப்புறம் வரும்."

"வாசப்படி தாண்டி வீட்டுக்குள்ள போனப்புறம் கதவத் தட்டற மாதிரி இருக்குதே," என்றாள். சார் சிரித்துவிட்டார்.

யார் கைத்தட்டைப் பதிவது என்று எல்லோரையும் தட்டவைத்துப் பார்த்தோம். சாருடைய தட்டு அப்பளம் ஒடிக்கிற மாதிரி இருந்தது. என்னுடையது ஈரத்துணியை அடிக்கிற மாதிரி. செங்கம்மா தட்டினாள். வலை இழுத்தும் கடலைச் செடி பிடுங்கியும் கெட்டிப்பட்ட கை. விரலால் உள்ளங்கையில் தட்டினால் சுள்ளென்று கேட்கும், கையைக் குழித்துத் தட்டினால் பானைக்குள் பேசுகிற மாதிரி கேட்கும். அந்த இரண்டு வகையும் அவர்களுக்கு வேண்டுமாம். சிடியைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டே வேலை செய்தோம். கொஞ்ச நாளில் ஈயம் வைக்கும்போதே அவள் கால் கட்டைவிரல் அந்தக் கணக்கில் தரையைத் தட்ட ஆரம்பித்துவிட்டது.

சாமான் வைக்கிற அறையில் கோணிப்பைகளைச் சுற்றிலும் தொங்கவிட்டு, மைக் வைத்துப் பதிவு செய்தார்கள். ஓடுகிற சுற்று ஒன்று, முடிக்கிற சுற்று ஒன்று. பாட்டை முடிக்கவேண்டுமானால் பொத்தானை அமுக்கவேண்டும், பெட்டி முடிக்கிற சுற்றைப் போட்டு நின்றுவிடும். பன்னிரண்டு விளக்குகளை வட்டமாக வைத்து அழகாக ஒரு மாதிரிப் பெட்டி செய்து அனுப்பினோம். அன்றைக்குச் செங்கம்மா ஏஜெண்டிடம் போய், டிக்கெட்டைக் கொஞ்சம் தள்ளிப்போடச் சொன்னாள். பெட்டி பிடித்துவிட்டால் ஷெட் நிற்கும். ஷெட் நின்றால் அவள் போகவேண்டாம். வேலை செய்த எல்லோருக்கும் அது தெரியும்.

மத்தேயோ பதில் எழுதவில்லை. போன் செய்தார். எல்லோரும் கேட்கட்டும் என்று சார் போனில் ஒரு பொத்தானை அமுக்கி மேஜைமேல் வைத்தார். அந்தப் பக்கம் கிடார் கேட்டது, அதோடு எங்கள் பெட்டியின் கைத்தட்டும். கடலுக்கு அப்பாலிருந்து தன் கைச்சத்தம் திரும்பி வந்ததைக் கேட்டுச் செங்கம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பாட்டு வேகமாக வந்து, பத்தில் சட்டென்று நின்றது. நின்றபிறகு, லேசாக, இன்னொரு சத்தம் வந்தது.

மத்தேயோ ஏதோ கேட்டார். சார் எங்களுக்குத் தமிழில் சொன்னார்.

"பத்துக்கு அப்புறம் யாரோ இருக்காளாம். யாருன்னு கேக்கறார்."

யாருக்கும் விளங்கவில்லை. அவர் மறுபடி வாசித்துக் காட்டினார். பத்தில் கிடார் நிற்கிறது. பிறகு பதினொன்று வெறுமையாகப் போகவேண்டும், பன்னிரண்டும் வெறுமையாகப் போகவேண்டும். எங்கள் பெட்டியிலோ சரியாகப் பன்னிரண்டாவது இடத்தில், இரண்டு உள்ளங்கைகள் மெத்தென்று சேருகிற சத்தம்.

சார்தான் முதலில் புரிந்துகொண்டார். "செங்கம்மா, நீ கும்பிட்டுட்டே."

அவள் கும்பிட்டிருந்தாள். தட்டி முடித்த கை தானாகச் சேர்ந்திருக்கிறது. அந்தச் சத்தம் எங்கள் காதிலும் விழாமல் இல்லை. சார் நூறு முறை கேட்டார், நானும் கேட்டேன். எங்களுக்கு அது தப்பாகவே படவில்லை. தாளம் சுற்றி வந்து முதல் அடியில் உட்கார்ந்தால்தான் எங்கள் காதுக்கு முடிந்தமாதிரி இருக்கும். கையும் கூடிவிடுகிறது, தாளமும் வீடு வந்து சேர்ந்துவிடுகிறது, நன்றாகத்தானே இருக்கிறது என்று மூன்று பேரும் நினைத்துவிட்டோம். மத்தேயோ கோபப்படவில்லை. முடித்த பிறகு அங்கே ஒரு சத்தமும் இருக்கக்கூடாது, அந்த வெறுமைதான் முடிவு, அதை மாற்றிக் கொடுங்கள், மற்றதெல்லாம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது என்றார்.

அந்தச் சத்தத்தை மட்டும் வெட்டி எடுக்கப் பார்த்தார் சார். வெட்டினால் பத்தாவது தட்டின் வாலும் சேர்ந்து அறுந்தது. கதவைச் சாத்தினமாதிரி ஆகிவிட்டது. மறுபடியும் பதியவேண்டியதுதான்.

அதுதான் முடியவில்லை. கோணிப்பை அறையில் செங்கம்மா உட்காருவாள். எதிரே சார். பத்து வரை சரியாக வரும். அப்புறம் கை சேர்ந்துவிடும். சேராமல் பிடித்துக்கொண்டால் பத்தாவது தட்டே பயந்தமாதிரி விழும்.

"கையில ரெண்டு எலுமிச்சம்பழம் குடுங்க, சேராது," என்றேன் நான்.

"பழத்த வெச்சிக்கினு எப்படிக்கா தட்டறது? நீ சும்மா இரு."

சார் ஒரு வழி செய்தார். பத்து ஆனதும் தன் கையை உயர்த்தி, போதும் என்று உள்ளங்கையைக் காட்டினார். அதைப் பார்த்ததும் அவள் இன்னும் நன்றாகக் கும்பிட்டுவிட்டாள்.

"என்னம்மா இது!"

"நீங்க கையக் காட்டறது அபயக் கை காட்டற மாதிரி இருக்குது சாமி. பாத்துக்கினு கும்பிடாம எப்படி இருக்கறது?"

அவர் தலையில் அடித்துக்கொண்டார். அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அறைக்கு வெளியே வந்து என்னிடம் சொன்னாள். "என் பொண்ணு என் கையிலதான் இருக்கறான்னு தெரியுது. இந்தக் கை கேக்க மாட்டேங்குது."

 பழக்கம் என்பது உடம்பில் ஊறியது. அதிலும் சாமி கும்பிடுகிற பழக்கம். அதைத் தப்பு என்று எப்படிச் சொல்வேன்? அதே சமயம் இன்னொரு தேசத்துக்காரர் தன் பாட்டை வெறுமையில் முடிக்கிறார் என்றால், அதுவும் அவருடைய பெரியவர்கள் வைத்த முறையாகத்தானே இருக்கும். நம் முறையை அவர் பாட்டுக்குள் ஏன் நுழைக்கவேண்டும் என்றும் தோன்றியது. "நீ தட்டறதுக்கு முன்னாடியே கும்பிட்டுடு. பெருமாள் வாங்கி வெச்சுப்பார்," என்று மட்டும் சொன்னேன்.

அப்படியே செய்தாள். முதலில் கும்பிட்டாள், பிறகு தட்டத் தொடங்கினாள். சார் எதிரே விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். பத்து வந்தது. அவருக்கு என்ன தோன்றியதோ, கையை உயர்த்திக் காட்டாமல், மூன்று விரலைச் சேர்த்து, உத்தரணிக் கரண்டியால் தீர்த்தம் விடுகிறதுபோல முன்னால் சாய்த்தார். சின்ன வயதில் அப்பாவோடு சன்னிதியில் நின்று செய்த பழக்கம் அது. அவர் யோசித்துச் செய்தமாதிரி தெரியவில்லை. செங்கம்மாவின் இடது கை வலது கைக்குக் கீழே போனது. வலது உள்ளங்கை குழிந்து, மேலே பார்த்து, அப்படியே நின்றது. ஒரு சத்தமும் இல்லை. பதினொன்று போனது, பன்னிரண்டு போனது.

சார் மிஷினை நிறுத்தினார். செங்கம்மா தன் கைக்குள் பார்த்தாள். "தீர்த்தம் எங்க சாமி?" என்றாள். அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து ஷெட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

இரண்டாவது மாதிரி போய்ச் சேர்ந்தது. இந்தமுறை மெயில் வந்தது. சார் அதை இரண்டு தரம் படித்தார். பிறகு செங்கம்மாவைக் கூப்பிட்டார். நானும் கூடப் போனேன்.

"ரொம்ப நன்னா இருக்காம். அவர் ஊர்ல கேட்டவா எல்லாரும் யார் தட்டினதுன்னு கேக்கறாளாம்."

"அப்புறம் இன்னா சாமி, மூஞ்சி அப்படி இருக்குது?"

"சத்தம் மட்டும் போதுமாம். பதிவை விலைக்குக் குடுங்கோங்கறார். பெட்டியை வேற தேசத்து ஃபேக்டரில பண்ணிக்கறாராம். நம்ம விலையை விட அங்கே ரொம்பக் குறைச்சலாம்."

அதற்கு என்ன அர்த்தம் என்று விளக்கவேண்டியிருக்கவில்லை. சாருக்குக் கொஞ்சம் பணம் வரும், அதில் அவளுக்கும் ஒரு பங்கு தருவார். ஷெட் மூடப்படும்.

"நான் பாட்டுக்குக் குடுத்துடலாம். ஆனா அது உன் கை. நீ சொல்லு," என்றார்.

செங்கம்மா மேஜைமேல் இருந்த ஈயத் துணுக்குகளை விரலால் ஒன்றாகக் கூட்டினாள்.

"குடுத்துட்டா என் கை ஒரு தேசத்துல இருக்கும். நான் குவைத்துல பாத்திரம் தேச்சிக்கினு இருப்பேன். பொண்ணு நாத்தனார் ஊட்ல இருப்பா. அவரு மெட்ராஸ்ல. இப்படிப் பங்கு போட்டுக்கறதுக்கா சாமி நான் ராவும் பகலும் பன்னெண்டு எண்ணிக்கினு இருந்தேன்? வேணாம். பொட்டி இங்கயே செஞ்சா கைத்தட்டும் போவட்டும். இல்லாட்டி அதுவும் போவ வேணாம்."

"மாட்டேன்னு எழுதினா அவர் திரும்பியே வராம போகலாம். அப்போ ரெண்டும் இல்ல."

"தெரியும் சாமி."

"குவைத்துத் தேதி என்னாச்சு?"

"வர வெள்ளிக்கெழம. அதுக்கு மேல தள்ள மாட்டேன்னுட்டாரு."

சார் எழுதினார். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே எழுதினார். கைத்தட்டும் பெட்டியும் ஒரே இடத்தில்தான் செய்வோம், பிரித்துக் கொடுப்பதில்லை. அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை வரை பதில் இல்லை. அன்று காலை திருப்பதி பஸ் ஸ்டாண்டில் ஏஜெண்டு வேன் வைத்திருந்தார். மெட்ராஸ் விமான நிலையத்துக்குப் போகிறவர்கள் மூட்டைகளோடு நின்றிருந்தார்கள். செங்கம்மா மூட்டை இல்லாமல் போய் நின்றாள். துணைக்கு நான் போயிருந்தேன். துலுக்காணமும் மெட்ராஸிலிருந்து வந்திருந்தான். மனைவியை வழியனுப்ப வந்தவனுக்கு, அவள் போகவில்லை என்பது அங்கேதான் தெரிந்தது.

"கம்பெனிலேர்ந்து காயிதம் வந்துச்சா?" என்றான்.

"வரல."

"வராமலேயா நின்னுட்ட? கை தட்டனா சோறு போடுவாங்களாடி?"

"போட்டாலும் போடுவாங்க, போடாட்டி போவட்டும். நீ பாஸ்போர்ட்ட வாங்கிக் குடு."

ஏஜெண்டு கேட்டுக்கொண்டிருந்தார். தெலுங்கில் கத்திவிட்டுத் தமிழுக்கு வந்தார். "எத்தனை பேரு இந்த விசாவுக்குக் காத்துக்கினு இருக்காங்க தெரியுமா? நாளைக்கி அழுதுக்கினு வருவ. வந்தா நான் இல்ல."

துலுக்காணம் அதுவரை மனைவியைத்தான் முறைத்துக்கொண்டிருந்தான். இப்போது ஏஜெண்டு பக்கம் திரும்பினான். "அழுதா எங்கூட்ல அழுதுக்கறோம். பாஸ்போர்ட்ட எடு," என்றான்.

செங்கம்மாவுக்குப் பதிலாக, வடமாலபேட்டையிலிருந்து வந்திருந்த வெங்கடம்மா அடுத்த வேனில் போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன். முன்பின் தெரியாத அந்த அம்மாளுக்கும் சேர்த்து, கேள்விப்பட்ட அன்று விளக்கு ஏற்றினேன். ஒருத்தி இருந்தால் இன்னொருத்தி போகவேண்டியிருக்கிறது. இதற்கு என்ன செய்வதென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அப்புறம் வந்த நாட்களைப்பற்றி எழுத ஒன்றுமில்லை. ஷெட்டில் வேலை பாதி நாள்தான். சார் கம்ப்யூட்டர் கடைக்குப் போய் மெயில் பார்த்துவிட்டு வருவார். வாசலில் செருப்பை விடுகிற விதத்திலேயே பதில் வரவில்லை என்று தெரிந்துவிடும். செங்கம்மா ஒருநாளும் அவரைக் கேட்கவில்லை. காலையில் நாமாவளி பாடும்போது மட்டும் அவள் கைத்தட்டு கொஞ்சம் அடங்கிக் கேட்டது.

மழைக்காலம் தொடங்குகிற சமயத்தில் ஒரு சனிக்கிழமை பதில் வந்தது. வேறு தேசத்து ஃபேக்டரியில் விசாரித்தாராம். அவர்கள் செய்வதானால் ஆயிரக்கணக்கில்தான் செய்வார்களாம். மத்தேயோ ஒரு சின்னக் கடைக்காரர். அத்தனை பெட்டியை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? வேறு ஆட்களின் கைத்தட்டையும் பதிந்து பார்த்திருக்கிறார், மனதுக்கு ஒப்பவில்லை. உங்களால் கொஞ்சமாகச் செய்து தர முடியுமா, இந்த வருஷத்துக்கு இவ்வளவு போதும் என்று கேட்டிருந்தார். நாங்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவுதான். ஆனாலும் ஷெட்டைத் திறந்து வைக்க அது போதும்.

அதற்குப் பிறகு சில வருஷங்கள் அந்த வேலை வந்துகொண்டிருந்தது. செல்போனுக்குள்ளேயே அந்தத் தாளமெல்லாம் வந்துவிட்ட பிறகு நின்றது. சாரும் வயதாகி ஷெட்டை மூடிவிட்டார். செங்கம்மா இப்போது வரதய்யபாளையம் பக்கம் வந்திருக்கிற கம்பெனி ஒன்றில் பேக்கிங்கில் இருக்கிறாள். கம்பெனி பஸ் ஊருக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. பத்மினி படித்து, கல்யாணமாகி, ஓசூரில் இருக்கிறாள். குவைத்துக்கு அந்த வீட்டிலிருந்து யாரும் போகவில்லை.

அந்தச் சனிக்கிழமையைச் சொல்லிவிட்டு நிறுத்துகிறேன். மறுநாள் அவர்கள் தெருவில் அம்மனுக்குக் கூழ் வார்க்கிற நாள். என்னையும் கூப்பிட்டிருந்ததால், சேதி வந்த அன்று மாலையே அவளோடு பிச்சாட்டூர் பஸ் ஏறினேன். வழி நெடுக வெளியே தூறிக்கொண்டிருந்தது. அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து நனைந்துகொண்டே வந்தாள், மூடச் சொன்னாலும் மூடவில்லை.

வீட்டு வாசலில் பத்மினி பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு, கூரை ஒழுகுகிற இடத்தில் குண்டான் வைத்துக்கொண்டிருந்தாள்.

"கம்பெனிலேர்ந்து காயிதம் வந்துடுச்சுடி. வேல இருக்குதாம்," என்றாள் செங்கம்மா.

"அப்ப நீ போலியா?"

"போலடி."

பத்மினி தலையை ஆட்டினாள். "சரி. துன்றதுக்கு இன்னா வாங்கியாந்த?"

செங்கம்மா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். வந்த வேகத்தில் இரண்டு பேருமே ஒன்றும் வாங்கவில்லை.

"நல்லாத்தான் வந்தீங்க ரெண்டு பேரும்," என்றாள் அந்தப் பெண். எங்களை உள்ளே விட்டுவிட்டு அவளே அடுப்பைப் பற்றவைத்தாள். செங்கம்மா அவளை நகர்த்திவிட்டு உட்கார்ந்து, அரிசி களைந்து போட்டாள். கத்தரிக்காய் இருந்தது. அதைக் குழம்பு வைத்தாள். துலுக்காணம் மெட்ராஸிலிருந்து வந்து சேர மறுநாள் ஆகும் என்பதால் மூவரும் சாப்பிட உட்கார்ந்தோம்.

பாதிச் சாப்பாட்டில் பத்மினி கையை நிறுத்திக் கேட்டாள். "வர வருசம் காயிதம் வரலன்னா?"

"தெரியலடி."

"அப்ப போவியா?"

"தெரியலன்னு சொல்றேன்ல."

"போறதுன்னா மொதல்ல எங்கிட்ட சொல்லு. ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்சப்புறம் எனக்குச் சொல்லாத."

செங்கம்மா மகளுடைய தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். "உங்கிட்டதாண்டி மொதல்ல சொல்லுவேன்," என்றாள். பத்மினி அதைக் கேட்டுக்கொண்டு, குழம்பை ஊற்றிப் பிசைய ஆரம்பித்தாள்.